விமானத்துக்குள் விரிந்த சைக்கிள்

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த ஆடி மாதத்தில் நடந்தது இது. அப்போது நான் மட்டக்களப்பில், கல்லடிப் பாலத்துக்கு அப்பால் உள்ள கடற்கரைப் பகுதியில் மருத்துவமாதாக வேலை செய்துகொண்டிருந்தேன். கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. வீடுகளைக் கடல் கொண்டுபோன பிறகு, பாடசாலைகளில் இருந்த முகாம்களுக்குப் போய்ப் பார்த்தேன். என் சைக்கிளையும் கடல்தான் கொண்டுபோயிருந்தது.

ஒரு முகாமில் நிறைமாதப் பெண் ஒருத்தி இருந்தாள். கடல் வந்த அன்று அவள் வாந்தியும் மயக்கமுமாக ஆஸ்பத்திரி வார்ட்டில் படுத்திருந்தாளாம். வீட்டில் இருந்த தாயும் மூத்த பிள்ளையும் போய்விட்டார்கள். மீன் விற்கப் போயிருந்த கணவன் மட்டும் மிச்சம். அதன் பிறகு ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போனா, திரும்பி வரக்குள்ள ஒருத்தரும் இருக்கமாட்டாங்க மிஸி" என்பாள்.

நான் அவள் கையைப் பிடித்து, "நான் உன்னோட வாறன்கா. உன்னோடயே திரும்பியும் வருவன்" என்று சொல்லியிருந்தேன். அந்த வாக்கின் பேரில்தான் ஒப்புக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து எனக்குக் கொழும்பில் ஒரு பயிற்சி வந்தது. பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் போனேன். பயிற்சி முடியும் நேரத்தில் ஊரில் ஹர்த்தால். கடைகளைப் பூட்டிவிட்டார்கள், பஸ் ஓடவில்லை. எனக்குப் பதிலாக முகாமைப் பார்த்துக்கொண்ட தோழி தொலைபேசியில், "வயிறு இறங்கிட்டுது. நீ வராம அசையமாட்டாளாம். கெதியா வா" என்றாள்.

பயிற்சி நடத்திய நிவாரண அமைப்பிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர்கள் மறுநாள் காலை மருந்துப் பெட்டிகள் ஏற்றிப்போகும் ஒரு சின்ன விமானத்தில் இடம் தந்தார்கள். ஆனால் விமானம் இறக்கிவிடும் இடத்திலிருந்து முகாமுக்கு எப்படிப் போவது? ஹர்த்தாலில் ஓட்டோகூட ஓடாது. சைக்கிளை இழந்த மருத்துவமாதுகளுக்குப் புதுச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் அந்த அமைப்பிடம் இருந்தது. என்னுடையதை அங்கேயே தெரிவு செய்து கொண்டுபோகலாம் என்றார்கள். ஒரே நிபந்தனை, விமானத்துக்குள் அடங்க வேண்டும்.

விமானி ஒரு வெள்ளைக்காரர். அவர் நீளம் அகலம் எதுவும் சொல்லவில்லை. பால்மா வந்த ஒரு பெரிய காட்போட் பெட்டியைத் தந்து, "இதற்குள் அடங்கினால் கொண்டுவா, அடங்காவிட்டால் விட்டுவிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

வெறும் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டைக்குப் போனேன். மடிக்கிற சைக்கிள் விற்கும் கடைக்காரர் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் காத்தான்குடிக்காரர். நான் வாயைத் திறந்ததுமே, "எங்கட பக்கத்துப் புள்ளயா நீங்க?" என்று உட்காரக் கதிரை எடுத்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னேன். "பிளேன்ல சைக்கிளா? யா அல்லாஹ்!" என்றவர், அதன் பிறகு கடையில் இருந்த மற்ற வாடிக்கையாளர்களை எல்லாம் மறந்துவிட்டார்.

முதல் சைக்கிள் பார்க்க நல்ல உறுதி. பெரிய காரியர், அகலமான சீட். மடித்துப் பெட்டிக்குள் இறக்கினோம். பாதி உள்ளே போனது, மீதி வெளியே நின்றது. சின்னப் பிள்ளையின் சட்டையைப் பெரியவர் போட்டதுபோல் இருந்தது.

இரண்டாவது பெட்டிக்குள் போட்டதும் காணாமலே போய்விட்டது. ஆனால் அதன் சில்லு கிட்டத்தட்ட ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. எங்கள் கடற்கரை மணலில் அதை ஓட்டினால், மிதிக்க மிதிக்க நான் கீழேதான் போவேன்.

மூன்றாவது இரண்டுக்கும் இடைப்பட்டது. நீல நிறம், சின்னதாக ஒரு காரியரும் மணியும். சீட்டைக் கழற்றிப் பக்கத்தில் செருகினால் பெட்டி மூடியது. கடைக்காரர், "ஓடிப் பாருங்க புள்ள" என்றார். சேலையைச் சொருகிக்கொண்டு ஏறினேன். புறக்கோட்டைத் தெரு என்றால் தெரியும்தானே. கைவண்டி இழுக்கிற நாட்டாமிகள், லொறிகள், வெங்காய மூட்டைகள். நடுவில் முழங்கால் நாடியில் முட்ட நான். அவர் பின்னால் ஓடிவந்துகொண்டே சிங்களத்தில் எல்லோரையும் விலக்கினார். சனம் கைதட்டியது. ஒரு நாட்டாமி வண்டியையே நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"மடிப்பைப் பூட்டுற கொளுக்கி மட்டும் கொஞ்சம் இறுக்கம். புதுசுதானே, ஓட ஓடச் சரிவரும்" என்றார் கடைக்காரர். இறுக்கமாக இருப்பது நல்லதுதானே என்று நானும் நினைத்தேன்.

மறுநாள் விமானநிலையத்துக்குப் போனால் அங்கே ஒரு தராசு வைத்திருந்தார்கள். சின்ன விமானம் என்பதால் ஆளையும் நிறுப்பார்களாம். நான் கிளினிக்கில் எத்தனை பெண்களை அதட்டித் தராசில் ஏற்றியிருக்கிறேன்! செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறினேன். விமானி முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் முள்ளைப் பார்த்தார். சைக்கிளை வைத்ததும் தலையைச் சொறிந்தார்.

என்னோடு வந்த மற்றப் பயணி மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு பாதிரியார். கடலோரத்தில் இருந்த அவருடைய கோயில் இடிந்துவிட்டது. புதிதாக எழும்பும் கோயிலுக்கு வெண்கல மணி ஒன்று கொண்டுவந்திருந்தார். ஆளைவிட மணிதான் பாரம். மருந்தைக் குறைக்க முடியாது, ஒன்றில் மணி, இல்லையென்றால் சைக்கிள் என்று விமானி சொல்லிவிட்டார்.

தயங்கித் தயங்கி, முகாமில் இருக்கிற பெண்ணைப் பற்றிப் பாதரிடம் சொன்னேன். அவர் மணியை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"மணி அடுத்த கிழமை வரட்டும் மகள். தகரத்தில தட்டினாலும் எங்கட சனம் பூசைக்கு வரும். அந்தப் புள்ள நீங்க போகாம ஆஸ்பத்திரிக்கு வராதுதானே" என்றார்.

மணி கொழும்பில் நின்றது. சைக்கிள் ஏறியது. ஆனால் பெட்டியோடு ஏற்ற முடியவில்லை. மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே கிடைத்த இடுக்கில், பெட்டியைக் கழற்றிவிட்டு, மடித்த சைக்கிளை மட்டும் எங்கள் இருவர் இருக்கைகளுக்கும் பின்னால் செருகினார்கள்.

மலைகளைத் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. கிழக்குப் பக்கம் இறங்கத் தொடங்கியதும் கச்சான் காற்று விமானத்தைப் பிடித்து உலுக்கியது. நான் தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டேன். பாதர் பக்கத்தில் இருக்கிறாரே என்று அவருடைய ஆண்டவரையும் சேர்த்துக்கொண்டேன். அப்போதுதான் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம்.

கொளுக்கி கழன்றுவிட்டது. சைக்கிள் மெதுவாக, தூக்கம் கலைந்து சோம்பல் முறிக்கிற ஆள்போல் விரிந்தது. முன்சில்லு எனக்கும் பாதருக்கும் நடுவே வந்து நின்றது. அடுத்த உலுக்கலில் ஹாண்டில் முன்னால் பாய்ந்து விமானியின் தோளில் இடித்தது. கூடவே சைக்கிள் மணியும் அடித்தது.

விமானி திரும்பிப் பார்த்த பார்வை இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. "அதைப் பிடி! பிடி!" என்று கத்தினார். மறுபடி இடித்தால் அவருடைய கை தவறும். கை தவறினால் நாங்கள் எல்லோரும் காட்டுக்குள்தான்.

பாதர் ஹாண்டிலைப் பிடித்து இழுத்தார். நான் பின்சில்லை அமுக்கினேன். முன்பக்கத்தை மடித்தால் பின்பக்கம் எழும்பியது, பின்பக்கத்தை மடித்தால் முன்பக்கம் எழும்பியது. பெடலில் பாதரின் அங்கி சிக்கிக்கொண்டது. அவர் ஜெபமும் சொன்னார், நடுநடுவே ஜெபத்தில் இல்லாத சில சொற்களும் சொன்னார். இடையிடையே அந்த மணி வேறு.

கடைசியில் இருக்கைப் பட்டியைக் கழற்றிவிட்டு எழுந்தேன். இரண்டு சில்லையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்து, அதன் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சைக்கிள் ஒரு முனகல் முனகி அடங்கியது. பாதர் என் இரு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"மகள், உங்கட பாரத்துக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!" என்றார். சத்தியமாக, என் உடம்பைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவ்வளவு நன்றியோடு பேசியதில்லை.

அப்படி உட்கார்ந்தபடியேதான் கடலை ஒட்டிக் கிடக்கும் வாவியைப் பார்த்தேன். மேலிருந்து எங்கள் ஊரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒரு பக்கம் வாவியின் பச்சைத் தண்ணீர், மறு பக்கம் கடல், நடுவே மெல்லிய மண்கோடு. அந்தக் கோட்டில்தான் அத்தனை வீடுகளும் இருந்தன. வீடு இருந்த இடங்களில் இப்போது வெறும் சீமெந்துத் தரைகள் வெயிலில் மின்னின.

இறங்கியதும் காவலுக்கு நின்ற சிப்பாய் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அக்கா, இது என்ன சாமான்?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். விரித்துக் காட்டினேன். மடிக்கச் சொன்னார். மடித்தேன். மறுபடி விரிக்கச் சொன்னார். சந்தேகம் போன பிறகும் ஆசை போகவில்லை. துப்பாக்கியை மற்றவரிடம் கொடுத்துவிட்டு ஏறி ஒரு வட்டம் வந்தார். அவசரம் என்று நான் வயிற்றைக் காட்டிச் சைகை செய்தேன். எனக்கே பிள்ளை பிறக்கப்போகிறது என்று நினைத்தாரோ தெரியாது, பாய்ந்து இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார்.

தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. பாதருக்கும் பாலத்துக்கு அப்பால்தான் போக வேண்டும். "நீங்க ஓடுங்க பாதர், நான் பின்னால இருக்கிறன்" என்றேன்.

"எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது மகள்" என்றார் அவர், பாவசங்கீர்த்தனத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் மெல்லிய குரலில்.

ஆகவே நான் மிதித்தேன். வெள்ளை அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, காலை நிலத்தில் படாமல் தூக்கியபடி, அவர் அந்தக் குட்டிக் காரியரில் இருந்தார். பாலத்தில் ஏறும்போது இறங்கித் தள்ளினார், பாலம் முடிந்ததும் ஓடிவந்து ஏறினார். பூட்டிய கடைகளின் மேல்மாடியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வெட்கப்பட எனக்கு நேரம் இருக்கவில்லை.

முகாம் வாசலில் அம்புலன்ஸ் வந்து நின்றுகொண்டிருந்தது. அவள் வகுப்பறையின் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நோவு தொடங்கி நெடுநேரமாம். கணவன் கெஞ்சிக் களைத்துப்போய்ச் சுவரோடு உட்கார்ந்திருந்தான். என் தோழி அழுதேவிட்டாள். எங்கள் சைக்கிள் மணலில் இறங்கியதும் வழக்கம்போல் கொளுக்கி கழன்றது. சைக்கிள் நடுவால் மடிய, நான் முன்னால் விழுந்தேன், பாதர் என் மேல் விழுந்தார்.

பிறகு ஒரு சிரிப்புச் சத்தம். அவள்தான். கடல் வந்துபோன பிறகு அவள் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நோவில் ஒரு முனகலும் சிரிப்பில் ஒரு மூச்சுமாக, "மிஸி... பாதரை ஏன் காரியர்ல ஏத்தினீங்க?" என்றாள்.

கம்பியை விட்டிருந்தாள். அது அவளுக்கே தெரியவில்லை. மணலைத் தட்டிக்கொண்டு போய் அந்தக் கையைப் பிடித்தேன். அப்படியே அம்புலன்ஸில் ஏற்றினேன். வழி முழுக்கப் பாலத்தில் பாதர் தள்ளிய கதையைச் சொல்லச் சொன்னாள். பாதர் முகாமிலேயே அவள் கணவனுக்குத் துணையாக இருந்துகொண்டார். அன்று பின்னேரம் பெண் குழந்தை பிறந்தது. சொன்னபடியே அவளோடு நானும் முகாமுக்குத் திரும்பிப் போனேன். வாசலில் கணவன் நின்றான். அவள் அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

சைக்கிளை ஒரு பட்டறையில் கொடுத்து, மடிகிற இடத்தை வெல்டிங் அடித்து ஒரேயடியாக ஒட்டிவிட்டேன். அந்தக் குழந்தை நடக்கத் தொடங்கிய காலத்தில் போர்நிறுத்தம் முறிந்து மறுபடியும் சண்டை மூண்டது. மேற்குக் கரையில் இருந்த படுவான்கரைச் சனம் மூட்டைகளோடு வாவியைத் தாண்டி வந்தது. மறுபடியும் முகாம்கள், மறுபடியும் எல்லாம் இழந்த பெண்கள். அவர்களிடம் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் பல நாள் வாசலில் தயங்கி நின்றிருக்கிறேன். அப்படி நிற்கும்போதெல்லாம், அன்று நான் அவளுக்கு ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லவில்லையே, வருவேன் என்று சொன்ன ஆள் எந்தக் கோலத்திலாவது வந்து சேர்ந்தது அவளுக்குப் போதுமாக இருந்ததே என்று நினைத்துக்கொண்டு, உள்ளே போய்விடுவேன்.