அயர்லாந்துக் காற்றும் நீலசந்திரா சிலிண்டரும்

அடுத்தவர் வீட்டுக் குளிருக்குப் பதில் சொல்வதுதான் எங்கள் தொழில். ஹெட்செட் மாட்டிக் காது சிவந்த சகோதர சகோதரிகளே, கடைசியில் ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். அவசரப்படாதீர்கள், ஆட்களை ஹோல்டில் போட்டே பழகியவன் நான். வயது பத்தொன்பது. ஆபீஸ் பெங்களூர் அல்சூரில், கரண்ட் கம்பெனி வாடிக்கையாளர்கள் அயர்லாந்தில். ஒருமுறை கேட்ட குரல் என் தொண்டையை விட்டுப் போகாது, அப்படியே பேசிக் காட்டுவேன்.

தென்னை சொன்ன வானிலை

அங்கே கேஸ் விலை ஏறி, ஜனங்கள் மெல்லக் காற்றாலைக் கரண்டுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். காற்று பலமாக வீசும் நேரத்தில் கரண்ட் மலிவு. அதனால் பாதி போன், காற்று எப்போது வரும் என்று கேட்டுத்தான். கேட்டுக் கேட்டு எனக்கும் ஒரு மயக்கம். பார்த்தே இராத கடலும், அதன் நடுவில் சோம்பலாகச் சுற்றும் வெள்ளை இறக்கைகளும் கண்ணுக்குள்ளேயே இருக்கும்.

அப்படி ஒரு மாலை, தனியாக வசிக்கும் நோரா அம்மா கூப்பிட்டு, வாஷிங் மெஷினைப் போடலாமா என்றார். ஜன்னலுக்கு வெளியே தென்னை ஆடியது. நல்ல காற்று, தாராளமாகப் போடுங்கள் என்றேன். அந்தம்மா தன் ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"இங்கே புகைகூட நேராகத்தான் போகிறது மகனே. நீ யார் வீட்டு ஜன்னலைப் பார்க்கிறாய்?"

சேவியர் அண்ணனின் ஸ்வெட்டர்

டீம் லீடர் சேவியர் அண்ணன் தினமும் தங்கவயலிலிருந்து ரயிலில் வருபவர். நோரா அம்மாவிடம் பேசிப் பேசி, வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டுக் கரண்டில் ஓடும் ஹீட் பம்ப் போட வைத்தவர் அவர்தான். குளிர் ஆரம்பித்ததும் அந்தம்மாவின் போன் நின்றுபோனது. நாங்களாகக் கூப்பிட அனுமதி கிடையாது. டீ ஆறிப்போக, ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு அந்த ஊர் வெப்பநிலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் அண்ணன். ஏசியைக் குறைக்கட்டுமா என்றேன்.

"எனக்குக் குளிரலடா. நான் சொல்லித்தான அந்தம்மா கேஸை எடுத்தாங்க. அங்க வெறைச்சுப்போய்க் கெடந்தா?"

சிரிப்பு

மறுநாள் எனக்கு வீட்டிலிருந்து வேலை. அண்ணன் கவலையைத் தீர்க்கத் தொண்டை அரித்தது. வாடிக்கையாளர் லைனில் இருப்பதாகச் சொல்லி அண்ணனுக்கு மாற்றிவிட்டு, நோரா அம்மா குரலில் நானே பேசினேன். கால் சில்லிடுகிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று மெதுவாக விசாரித்தார் அண்ணன். வீடு கதகதப்பாக இருக்கிறது என்றேன். காற்று எப்படி என்றார். அவ்வளவுதான், நான் மிதக்க ஆரம்பித்துவிட்டேன். கடல், மூடுபனி, அதற்குள் உறங்குவதுபோல் சுற்றும் இறக்கைகள். அவரும் உம் கொட்டிக்கொண்டே இருந்தார். அப்போது நீலசந்திராவில் எங்கள் வாசலில், சிலிண்டர்காரர் ஸ்பேனரால் டங் டங் என்று தட்டினார். லைனில் அண்ணன் தமிழுக்கு மாறினார்.

"நிஜ நோராம்மா ஷிப்ட் ஆரம்பிச்சதுமே பேசிட்டாங்கடா. மக வீட்டுக்குப் போயிருந்தாங்களாம், வந்து பாத்தா வீடு நல்லா கதகதன்னு இருக்காம். நீ போய்க் கதவத் தெற, உங்க வீட்டுக்கு கேஸ் வந்திருக்கு."

ஐரோப்பாவே கேஸைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், நான் அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.