கோகிலா அக்கா அடித்த காசு

போன வாரம் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கிய கோகிலா அக்காவின் தம்பி நேராக என் கற்பூரக் கடைக்கு வந்து நின்றார். "அக்கா போயிட்டாங்க" என்றார். எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

சன்னதித் தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த கோகிலா அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். என் கடைக்கு அடுத்த கடை. எழுபதுகளின் கடைசியில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது நாங்களெல்லாம் மீதிக்குப் பதில் மிட்டாய் கொடுத்தோம். கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டத்திடம் அது எடுபடவில்லை. அக்கா, பாத்திரக்காரர் ஒருவரிடம் சொல்லி, மீதிக்குக் கொடுக்கப் பித்தளை வில்லைகள் செய்து வாங்கினார். ஒரு பக்கம் 'பத்து காசு'. மறுபக்கம், சுதந்திரத்துக்காகச் சிறை சென்ற தலைவர் ஒருவரின் முகம். கடைப் பெயரைப் போடக்கூடாதா என்று கேட்டேன்.

"என் பேர யாரு நம்புவாங்க? அவரு மூஞ்சி இருந்தா வாங்கிப்பாங்க."

வாங்கிக்கொண்டார்கள். வினையே அதில்தான் வந்தது. வில்லை பூக்கடைக்குப் போனது, கடைசியில் பஸ் கண்டக்டர் பைக்கும் போய்விட்டது. போலீஸ் வந்தது. வெறும் கடைப் பெயராக இருந்திருந்தால் எச்சரித்து விட்டிருப்பார்களாம். தலைவர் முகமும் காசு என்ற எழுத்தும் இருந்ததால் கள்ள நாணய வழக்கு. நாணயம் அடிக்கும் உரிமை சர்க்காருக்கு மட்டும்தான் என்று இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"தலைவரு எல்லாருக்கும் சொந்தம்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்களே சார். மூஞ்சி மட்டும் சர்க்காருக்கா?"

அவர் ஜீப்பைக் காட்டினார். தெருவே நின்று பார்த்தது. வேறென்ன செய்ய முடியும் எங்களால்?

வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. வக்கீலுக்காக முதலில் கிரைண்டர் போனது, பிறகு கடையே போனது. நான் சாட்சி சொல்லப் போனேன். அக்கா யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வில்லை கொடுத்தாரா இல்லையா என்பதை மட்டும் சொல்லச் சொன்னார்கள். கொடுத்தார் என்றேன். அபராதத்தோடு விட்டார்கள்.

அதற்குச் சில காலம் கழித்து, மறைந்த தலைவர் ஒருவரின் முகத்தோடு சர்க்கார் நாணயம் ஒன்று புழக்கத்துக்கு வந்தது. அக்கா அதை என் கடையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்மளதுல மூக்கு நல்லா வந்திருந்துச்சு" என்றார். சிரிக்கவில்லை.

தம்பி வீட்டோடு போய்விடுவதென்று அவர் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். "யாராச்சும் வந்து கேட்டா, அக்கா இல்லனு சொல்லிடாதம்மா. நாளைக்கு வருவாங்கனு சொல்லு" என்றார். இத்தனை காலமும் அப்படியேதான் சொல்லிவந்தேன். அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த ஒரு வார்த்தைதான்.

இன்று காலை, செங்கத்திலிருந்து வந்த பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் இட்லிக் கடை அம்மா எங்கே என்று கேட்டார். நாளைக்கு வருவாங்க என்றேன்.