இறக்கை இரண்டும் தெரிகிற படம்

தேயிலை விலை விழுந்த அந்த வருடங்களில் குன்னூர்ப் பக்கம் கல்யாணங்கள் சத்தமில்லாமல் நடந்தன. மாலையும் சாப்பாடும் போதும், போட்டோ எதற்கு என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தோன்றிவிட்டது. அதனால் அடி வாங்கியவர்களில் என் சித்தியும் ஒருத்தி. அம்மாவின் தங்கையான அவள் எங்களோடுதான் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஸ்டூடியோவில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய், இருட்டறையில் படம் கழுவக் கற்று, பிறகு பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கிற வரைக்கும் வந்திருந்தாள். இப்போது அங்கே பெருக்க மட்டும்தான் வேலை இருந்தது.

எங்கள் நிலைமையும் அப்படித்தான். அப்பா வேலை பார்த்த பாக்டரி பாதி நாள் மூடிக் கிடந்தது. அம்மா கொழுந்து பறித்த மலையில் சில பகுதிகளைப் பறிக்கவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நின்ற செடிகள் மரமாகிக்கொண்டிருந்தன. அப்பா, சித்திக்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு வரன் பார்த்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குக் கீழே, சரக்கு இல்லாமல் காலியாகிப்போன ஒரு தேயிலைக் கிடங்கை, விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வாடகைக்குப் பிடித்து, அதற்குள் ஒரு பழைய போர் விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றி வந்து, உள்ளே வைத்து மறுபடியும் மாட்டினார்களாம். வாசலில் மியூசியம் என்று பலகை வைத்தார். லயத்தில் எல்லோரும் அவரை பிளேன் தொரை என்றார்கள். நாட்டில் எங்கெங்கே மியூசியங்களில் பழைய போர் விமானங்கள் நிற்கின்றனவோ அத்தனையையும் படம் பிடித்து ஒரு புத்தகம் போடுவது அவருடைய ஆசை. ஆனால் அவருடைய சொந்த விமானமே படத்துக்கு அடங்கவில்லை. கிடங்கு அத்தனை குறுகல். ஸ்டூடியோ முதலாளி இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். அந்தக் காட்சியைச் சித்தி வீட்டில் நடித்தே காட்டினாள்.

"ஆவறதில்லீங்க சார். றெக்கை வந்தா வாலு வர்றதில்ல. ரெண்டும் வேணும்னா செவுத்தைத்தானுங்க இடிக்கோணும்."

பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற சித்தி, "நான் எடுத்துப் பாக்குறேன் தொரை" என்றாளாம். முதலாளி சிரித்தார். தொரை சிரிக்கவில்லை. முழு விமானமும் வந்துவிட்டால் மற்ற மியூசியங்களுக்கும் அவளையே அனுப்புவதாகச் சொன்னார்.

இதைக் கேட்டு அப்பா முகத்தைச் சுளித்தார். அம்மாதான் கத்தினாள். "போட்டோ கீட்டோன்னு திரிஞ்சா எவன்டி கட்டுவான் ஒன்னைய?" லயத்தில் ஒரு வீட்டுச் சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்கும். கத்தி முடித்துவிட்டு, என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "போறதுன்னா இவளையும் இழுத்துக்கிட்டுப் போ. தனியா போவாத." அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அதான் புள்ள கூடப் போவுதே" என்று அம்மா அதையும் முடித்துவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. சித்திக்குக் காவல் நான்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை விமானத்தைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பறக்காத விமானம் ஒரு பெரிய மீனைப் போல இருந்தது. கிடங்கில் தேயிலை வாசனை இன்னும் போகவில்லை. சித்தி தரையில் படுத்துப் பார்த்தாள், ஸ்டூலில் ஏறிப் பார்த்தாள், மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். "இன்னும் கொஞ்சம் பின்னால போகணும்" என்று சுவரை முழங்கையால் இடித்துக்கொண்டே சொன்னாள், ஏதோ சுவர் நகர்ந்துவிடும் என்பது போல. பிளாஷ் போட்டால் தகட்டில் பட்டு வெள்ளையாகத் தெறித்தது. மறுநாள் கழுவிப் பார்த்த படங்களில் ஒன்றில் இறக்கை இல்லை, ஒன்றில் மூக்கு இல்லை. சந்தையில் வெட்டி வைத்தது போலத் துண்டு துண்டாக இருந்தது.

இரண்டாவது ஞாயிறு ஒரே மூட்டம். தொரையின் மனைவி, நாங்கள் தொரைசானி என்கிறவள், எனக்கு ரொட்டியும் ஜாமும் கொடுத்தாள். நான் காவல் வேலையை மறந்து தின்றுகொண்டிருந்தபோது, சித்தி கட்டடத்தைச் சுற்றி வந்து, மலைப் பக்கச் சுவரில் உயரத்தில் ஒரு அகலமான பலகைக் கதவைக் கண்டுபிடித்தாள். முன்பு மேட்டுப் பாதையிலிருந்து தேயிலை மூட்டைகளை அதன் வழியாகத்தான் உள்ளே சரித்துவிடுவார்களாம். ஆணி அடித்து மூடியிருந்ததைத் தொரை கடப்பாரையால் நெம்பித் திறந்தார். மேலேயிருந்து பார்த்தால் விமானம் முழுக்கக் கீழே கிடந்தது. ஆனால் கேமராவுக்கு அது போதவில்லை. சரிவில் பின்னால் ஏறி நிற்க வேண்டும். அங்கேயோ பறிக்காமல் விட்ட தேயிலை, ஆள் நுழைய முடியாத புதராக வளர்ந்திருந்தது. சித்தி நுழைந்தே பார்த்துவிட்டு, கையெல்லாம் கீறலோடு வீடு வந்தாள்.

அந்த வாரம் இரண்டு செய்திகள் வந்தன. மாதக் கடைசியில் ஸ்டூடியோவை மூடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். மேட்டுப்பாளையத்துக்காரர்கள் அடுத்த வாரம் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சித்தி அழவில்லை. ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்தச் செடிய வெட்டுனா தெரியும்க்கா. வெட்டுனா முழுசாத் தெரியும்" என்றாள். அம்மா, "சோத்தைத் தின்னு" என்றாள்.

மூன்றாவது ஞாயிறு காலையில் அம்மா தலையில் சும்மாட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு எங்களோடு கிளம்பினாள். கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. விறகுக்குப் போவதாக அப்பாவிடம் சொன்னாள்.

"அம்புட்டுத் தூரமா வெறகுக்கு?"

"பக்கத்துல எல்லாம் பொறுக்கியாச்சே."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அம்மா வந்தால் ரொட்டியும் ஜாமும் கேட்க முடியாது.

கிடங்குக்கு வந்த அம்மா விமானத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேட்டில் ஏறி, "எங்க நிக்கணும்?" என்று சித்தியைக் கேட்டாள். சித்தி காட்டினாள். அம்மா குனிந்து வெட்ட ஆரம்பித்தாள். கவ்வாத்து எங்கள் எஸ்டேட்டில் ஆம்பளை ஆட்கள் செய்கிற வேலை. அம்மா அதை எங்கே பழகினாளோ, ஒரே வீச்சில் கிளை சாய்ந்தது. சத்தம் கேட்டு வந்த தொரை, எஸ்டேட்டில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று தயங்கினார்.

"கவ்வாத்துப் பாக்காத செடிங்க தொரை. வெட்டுனா செடிக்குத்தான் நல்லது" என்றாள் அம்மா, நிமிராமலே.

மதியத்துக்குள் சரிவில் ஒரு சந்து உண்டாகியிருந்தது. சித்தி ஸ்டாண்டை ஊன்றி, கேமராவை மாட்டி, குனிந்து பார்த்தாள். வெகு நேரம் நிமிரவே இல்லை.

"அக்கா, முழுசா வருது."

"வந்தா எடுக்க வேண்டியதுதானே. என்னைய என்னா கேக்குற?"

ஆனால் மூட்டம் இறங்கிவிட்டது. விமானத்தின் அடிப்பக்கம் கரியாக இருந்தது. வீட்டிலிருந்த வெள்ளைப் போர்வைகளையெல்லாம் தொரைசானியைக் கொண்டுவரச் சொல்லி, மேலேயிருந்து வரும் வெளிச்சம் பட்டுத் திரும்பும்படி விமானத்துக்கு அடியில் சித்தி விரித்தாள். பிறகு காத்திருந்தோம். தொரை இனிமேல் வெயில் வராது என்றார். சித்தி கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். அம்மா வெட்டிய கிளைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் மூட்டம் கிழிந்தது. வெயில் கதவு வழியாகச் சரிந்து, விமானத்தின் முதுகில் விழுந்து, போர்வைகளில் பட்டு வயிற்றிலும் ஏறியது. "யாரும் அசையாதீங்க" என்றாள் சித்தி. அவள் விரல் அழுத்தியபடியே இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அம்மா கையில் பாதி முடிச்சுப் போட்ட கயிற்றோடு அப்படியே நின்றாள். அடுத்த படத்துக்குள் மூட்டம் மறுபடி மூடிவிட்டது.

அந்த ஒரு படம் போதுமாக இருந்தது. இறக்கை இரண்டும், வாலும், சக்கரங்களும், எல்லாம் அதில் இருந்தன. தொரை அதை ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்துவிட்டு, "பெங்களூர்ல ரெண்டு பிளேன் நிக்குது. எப்பப் போறே?" என்று கேட்டார்.

மறுநாள் தொரைசானியே எங்கள் லயத்துக்கு வந்தாள். அப்பா பதறிப்போய் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பெங்களூரில் தன் தங்கை வீட்டிலேயே சித்தி தங்கிக்கொள்ளலாம், கேமராவும் தாங்களே கொடுப்போம் என்று தொரைசானி சொன்னாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். "எனக்கு என்னா தெரியும்? நீங்க பாத்துச் சொல்றதுதான்" என்று அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். வேலைக்குப் போகிற பிள்ளையை வேலையில்லாத மனிதர் எப்படித் தடுப்பது என்று யோசித்தாரோ என்னவோ. கடைசியில், "போயிட்டு வரட்டும்" என்றார். மேட்டுப்பாளையத்துக்காரர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்கள். அவர்கள் பொறுக்கவில்லை.

சித்தி கிளம்பிய அன்று அம்மா குன்னூர் பஸ் ஸ்டாண்டில் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தாள். தலையை வாரத் தெரியலை, பையை வைக்கத் தெரியலை, நீயெல்லாம் போய் என்னத்தைப் படம் பிடிக்கப்போறே. சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கேட்டாள். பஸ் திரும்பி மறைகிற வரையில் திட்டு ஓயவில்லை.

எங்கள் எஸ்டேட்டுக்குப் போகும் பஸ் பக்கத்திலேயே கிளம்பத் தயாராக நின்றது. அம்மா அதில் ஏறாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். மேட்டுப் பாதை, குளிர், எனக்குக் கால் வலித்தது. வழியெல்லாம் முனகினேன். அம்மா அங்கங்கே நின்று, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேயிலையையே பார்த்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நடந்தாள்.

வீட்டில் அப்பா, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, "பஸ்ஸுல ஒரே கூட்டம்" என்றாள். ஜன்னலோர சீட்டே காலியாக இருந்ததை நான் பார்த்திருந்தேன். டிக்கெட் காசை மிச்சம் பிடித்துவிட்டுப் பொய் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எங்கள் லயத்து ஆட்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.