திராட்சைத் தோட்டம் போய்வந்த தேங்காய்

விடுமுறையில் நண்பர்கள் நால்வர் மண்ணூர்பேட்டையிலிருந்து நாசிக் கிளம்பினோம். அங்குள்ள ஒயின் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, ருசியும் பார்ப்பதுதான் திட்டம்.

“மச்சான், ஊட்டுல ஷீரடின்னு சொல்லிடு. பக்கத்துலதான் கீது. வர்றப்ப ஒரு கும்பிடு போட்டுகினு வந்துடலாம்” என்றான் குமார். மனைவியிடம் அப்படியே சொன்னேன்.

அவள் மூலம் கேள்விப்பட்ட கீழ்வீட்டு செல்வி அக்கா, மஞ்சள் பூசிய தேங்காயோடு வந்தார். “ஊட்டுக்காரருக்கு ஹார்ட்ல ஆபரேஷன் வெச்சிக்கீறாங்க தம்பி. இத பாபா காலடில வெச்சி எடுத்துகினு வா.”

தோட்டம் தோட்டமாகக் குடித்ததில், ஷீரடிக்குப் போகவேண்டிய நாள் ஓட்டல் அறையில் தூங்கியே கழிந்தது. தேங்காய் என் பையில் ஒயின் பாட்டில்களோடு உருண்டு ஊர் திரும்பியது.

“வெச்சியா தம்பி?” என்று கேட்டார் அக்கா. தலையாட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எனக்குத்தான் அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது. இப்போதெல்லாம் எங்கே போனாலும் வீட்டில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டே கிளம்புகிறேன். அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை. அவர் கணவர் தினமும் அந்தத் தேங்காய்க்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்.