சிவப்பு நாடா சுற்றிய பிளக்

கிளிநொச்சியில் உள்ள எங்கள் அலுவலகத்தின் உள்ளறையில், கழுத்தில் சிவப்பு நாடா சுற்றிய ஒரு பிளக் இருக்கிறது. சோதனை சேர்வரின் பிளக் அது. அதை நேரே சுவரில்தான் கொழுவ வேண்டும், வேறெங்கும் கூடாது என்பது இங்கே சட்டம். சட்டம் போட்டவர் எங்கள் குழுத் தலைவி. தன்னைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். கொழும்பில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, வன்னியிலிருந்தே மென்பொருள் எழுதலாம் என்று பிடிவாதமாக இந்த அலுவலகத்தைத் திறந்தவர்.

அந்த வருடம் எங்கள் கையில் ஒரே ஒரு பெரிய வேலைதான் இருந்தது. தரவுகளைச் சேமிக்கும் பெட்டி செய்கிற வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கோப்பு முறைமையைத் திருத்திக் கொடுக்க வேண்டும். அந்த முறைமை எதையும் மாற்றுவதற்கு முன், செய்யப்போவதைப் பதிவாக எழுதிவைக்கும். நடுவில் கரண்ட் போனாலும், மறுபடி எழும்போது அந்தப் பதிவைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பதிவுகள் முதலில் கணினியின் நினைவகத்தில் இடையகம் என்ற தற்காலிக இடத்தில் சேர்ந்து, பிறகு வட்டுக்குப் போகும். சிக்கல் அந்த இடையகத்தில்தான். கணினியில் ஓடும் ஒரு வேலை தன் பதிவை எழுதி முடிக்கும்வரை மற்ற வேலைகளெல்லாம் வரிசையில் காத்துக் கிடந்தன. இதை வேகமாக்க வேண்டும், ஆனால் ஒரு பதிவுகூடத் தொலையக்கூடாது. முடியாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். அலுவலகத்தைப் பூட்டிவிட்டு எல்லோரும் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

நான் சொன்ன வழி எளிமையானது. வரிசையில் நின்று இடத்தை மட்டும் ஒதுக்கிக்கொண்டு விலகிவிடலாம், பிறகு அவரவர் இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதலாம். அக்கா சிரித்தார். “கோயில் பொங்கலுக்குக் கல்லு வைச்சு இடம் பிடிக்கிற மாதிரி எண்டு சொல்லுங்கோவன்.” எழுதி ஓட்டிப் பார்த்தோம், வேகம் எகிறியது. அடுத்தது மின்வெட்டுச் சோதனை. அக்கா மெயின் சுவிட்சை அணைப்பார். விசிறிகள் நிற்கும், திரைகள் இருண்டு போகும், நாங்கள் கூச்சல் போடுவோம். கரண்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் ஒரு பதிவும் பிசகியிருக்காது. ஒருவர் கொண்டாடித் தின்ன ரோல்ஸ் வாங்கவே போய்விட்டார்.

அனுப்புவதற்கு முந்திய நாள் மத்தியானம் உண்மையாகவே கரண்ட் போனது. எல்லாம் அடங்கிய அந்த நேரத்தில் உள்ளறையில் மெல்லிய இரைச்சல் கேட்டது. அக்கா எழுந்து போனார், நானும் பின்னால் போனேன். சேர்வர் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் வயர் மேசைக்கடியில், கரண்ட் போனாலும் பற்றரியில் ஓட்டுகிற யூ.பி.எஸ்ஸில் கொழுவியிருந்தது. அடிக்கடி கத்துகிறதே என்று அந்த யூ.பி.எஸ்ஸின் சத்தத்தை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தோம். ஆக, இத்தனை சோதனையிலும் சேர்வருக்கு மின்வெட்டே வரவில்லை.

“ஆர் இதில கொழுவினது?” என்று கேட்டவர், நாங்கள் வாய் திறப்பதற்குள் தானே சொன்னார். “நான்தான். சேர்வரைக் கொண்டந்து வைச்ச அண்டைக்கு என்ர கை தானாக் கொழுவியிருக்கு.” போரில் கரண்டே இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட வீட்டில் வளர்ந்தவர் அவர். அந்தக் கை கரண்டை நம்பி எதையும் விடாது. இங்கே யாருடைய கையும் அதைத்தான் செய்திருக்கும்.

கரண்ட் வந்ததும் வயரைப் பிடுங்கிச் சுவரில் கொழுவி, சோதனையைத் தொடங்கி, பிளக்கை இழுத்தார். இந்தத் தடவை உடைந்தது. பதிவின் நடுவே ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது. இடம் பிடித்தவர் எழுதி முடிக்கும் முன்பே இடையகம் வட்டுக்குப் போயிருக்கிறது. “கொம்பனிக்காரருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, அக்கா. ஒப்பந்தம் போயிடும்,” என்றார் ரோல்ஸ் வாங்கியவர். “சொல்லாட்டிலும் போகும். பிறகு பேரும் சேர்ந்து போகும்,” என்றபடி அக்கா தொலைபேசியை எடுத்தார். சோதனை பிழை, தவறு தன்னுடையது, இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று நேராகச் சொன்னார். மறுமுனையில் எல்லாவற்றையும் விளக்கமாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அவகாசம் கிடைத்தது.

இடம் பிடித்தவர்கள் எல்லோரும் எழுதி முடித்த பிறகுதான் இடையகம் புறப்படலாம் என்று மாற்றி எழுதினேன். வேகம் கொஞ்சமும் குறையவில்லை. அதன்பிறகு அக்கா எத்தனையோ தடவை பிளக்கை இழுத்தார், எதுவும் உடையவில்லை. ஒப்பந்தம் தங்கியது, நாங்களும் ஊரில் தங்கினோம். அன்று அவர் சுற்றியதுதான் அந்தச் சிவப்பு நாடா.

அக்கா இப்போது வவுனியாவில் படிப்பிக்கிறார். அவருடைய கதிரையில் நான் இருக்கிறேன். போன வாரம் புதிய பதிப்பு தயாரானதும் அவருக்கு அழைத்து, “இழுக்கப் போறன், அக்கா,” என்று சொல்லிப் பிளக்கை இழுத்தேன். பதிவுகள் சரியா என்று அவர் கேட்கவில்லை.

“சத்தம் நிண்டிட்டுதோ?”

நாடா சுற்றிய பிளக் என் கையில் இருந்தது. சேர்வர் பக்கம் காது கொடுத்துக் கேட்டேன்.

“ஓம், அக்கா. ஒரு சத்தமும் இல்லை.”

“அப்ப சரி. இனிக் கரண்டைக் குடுத்துப் பாருங்கோ.”