எட்டு அடுப்பும் ஒரு மேலங்கியும்

என் மனைவிக்கு எட்டு அடுப்பு வேண்டும். ஏழென்றால் கை சும்மா நிற்கிறது என்பாள். கனடாவின் ஸ்காபரோவில் அவள் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில், சுவரோடு ஒட்டி எட்டு காஸ் அடுப்புகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் அப்பச்சட்டி. முதலாவதில் மாவை ஊற்றிச் சுழற்றி மூடிவிட்டு அடுத்ததுக்குப் போவாள். எட்டாவதை மூடும்போது முதலாவது வெந்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கும். வீட்டில் தன் கைபேசியை எங்கே வைத்தேன் என்று நாள் தவறாமல் தேடுகிற பெண்ணா இவள் என்று தோன்றும்.

போன கோடையில் ஒரு நாள் ஏழாவது சட்டிக்கு முன்னால் மயங்கிச் சரிந்துவிட்டாள். நல்ல காலம், பின்னால் சம்பல் அரைத்துக்கொண்டு நின்ற அன்ரி தாங்கிக்கொண்டார். அந்தக் கடையில் வேலை செய்பவர்களில் வயதில் மூத்தவர் அவர். முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் அன்ரிதான். டொக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, உடம்பில் வேறு குறை ஒன்றுமில்லை, வெக்கைதான் காரணம் என்றார். தண்ணீர் குடிக்க வேண்டும், இடைக்கிடை வெளியே போய் நிற்க வேண்டும், உடம்பைச் சூடேற விடக்கூடாது. இந்த மூன்றாவதை அடுப்படியில் எப்படிச் செய்வது என்று அவர் சொல்லவில்லை.

இந்த வருடம் வெயில் தொடங்கியதும், அவளை முன்பக்கம் கவுண்டருக்கு மாற்றப்போவதாக முதலாளி சொன்னார். எங்களைவிட இளையவர், நல்ல மனிதர். கேட்டதும் எனக்குப் பெரிய நிம்மதி. அந்த நிம்மதியை வாய்திறந்து சொன்னதுதான் நான் விட்ட பிழை.

"அவர் சொல்லுறதும் சரிதானே. நீர் முன்னுக்கு நிண்டா ஆறுதலா வேலை செய்யலாம்," என்றேன்.

"முன்னுக்கு நிண்டு என்ன செய்யிறது? பையில போட்டுக் குடுக்கிறதோ? அதை ஆரும் செய்வினம். அப்பம் ஆர் சுடுறது?"

இரண்டு நாள் பேச்சில்லை. எங்கள் வீடு இருக்கும் விட்பியிலிருந்து புறப்பட்டு, அவளைக் கடையில் இறக்கிவிட்டு, நான் மார்க்கம் நகருக்கு வேலைக்குப் போவது வழக்கம். அந்த இரண்டு நாளும் காரில் ரேடியோ மட்டும் பேசியது. மூன்றாம் நாள் இறங்கும்போது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கூரை போடுறவைக்கு, இரும்பு உருக்கிறவைக்கு எல்லாம் உடம்பு குளிருற உடுப்புச் செய்து குடுக்கிறியள். சொந்தப் பெண்சாதிக்கு ஒண்டு செய்ய ஏலாதோ?"

கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

அவள் சொன்னது உண்மை. தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு உடைகள் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில் நான் வேலை செய்கிறேன். வெக்கையில் நிற்பவர்கள் சட்டைக்கு மேல் போட்டுக்கொள்ளும், உடம்பைக் குளிரப்பண்ணும் கையில்லாத மேலங்கிகளை வடிவமைப்பது என் பொறுப்பு. கொதிக்கிற கூரையில் நிற்பவனையே சமாளித்தவனுக்கு ஒரு அப்பச்சட்டி எம்மாத்திரம் என்று நினைத்தேன். அந்தத் தலைக்கனத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

குளிர் மேலங்கி செய்து தருகிறேன், அவளை அடுப்படியிலேயே விடுங்கள் என்று முதலாளியிடம் போய்ப் பேசினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அண்ணை, கோயில் தேருக்குப் பெரிய ஓடர் வந்திருக்கு. விடிய நாலு மணிக்குத் தொடங்கினா மத்தியானம் மட்டும் அடுப்பு அணையாது. அண்டைக்கு அக்கா தலைச்சுத்தில்லாமல் நிண்டா, கோடை முழுக்க அது அவவின்ர அடுப்பு. இல்லாட்டி கவுண்டர்தான். எனக்கு அவ திரும்ப விழுறதைப் பாக்கேலாது." எனக்கும் பார்க்க முடியாது. அதனால் ஒப்புக்கொண்டேன்.

முதலில் கொண்டுபோனது, தண்ணீரில் நனைத்துப் போடுகிற மேலங்கி. ஈரம் காயும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கூரைக்காரர் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஆனால் கடை அடுப்படியில் ஒரு பக்கம் இடியப்பம் அவிகிறது, மறுபக்கம் சோறு கொதிக்கிறது. காற்றே ஈரம். அங்கே எது காயும்? அரை மணித்தியாலத்தில் கழற்றிக் கையில் தந்துவிட்டாள். "நனைஞ்ச சாக்கைச் சுமந்துகொண்டு நிக்கிற மாதிரிக் கிடக்கு," என்றாள். எனக்கு அது முன்னமே தெரிந்திருக்க வேண்டும். படித்த படிப்பு எங்கே போனதோ தெரியவில்லை.

இரண்டாவது, மெழுகு வைத்தது. ஒருவகை மெழுகைத் தட்டையான பிளாஸ்டிக் பக்கெற்றுகளில் அடைத்துக் குளிரில் உறைய வைப்போம். உடம்போடு ஒட்டி இருக்கும்போது அது மெல்ல மெல்ல உருகும். உருகி முடியும்வரை குளிர்ச்சி இருக்கும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. எங்கள் வேலையிடத்துப் பொம்மைக்குப் போட்டுச் சோதித்தபோது எல்லாம் அச்சாவாக இருந்தது. ஆனால் பொம்மை அப்பம் சுடுவதில்லையே. அப்பம் சுடுகிறவள் ஒவ்வொரு சட்டிக்கும் குனிய வேண்டும், மாவு ஓரமேறி மொறுமொறுவென்று கரை பிடிக்கத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை சுழற்ற வேண்டும். உறைந்த பக்கெற் பலகைபோல நெஞ்சில் நின்றது.

"குளிர் நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்பத்துக்குக் கரை வரேல்லை," என்றாள்.

"உமக்கு அப்பத்தின்ர கரை முக்கியமோ, உயிர் முக்கியமோ?" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரெண்டும்," என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டிக்குப் போனாள்.

தேருக்கு எட்டு நாள் இருந்தது. பக்கெற்றின் தடிப்பைக் குறைத்துப் பார்த்தேன், குளிர் நிற்கவில்லை. இடத்தை மாற்றிப் பார்த்தேன், முதுகு வளையவில்லை. அந்தச் சமயத்தில்தான் தேங்காய்ப்பூ விவகாரம் நடந்தது.

இங்கே எந்தத் தமிழ் வீட்டு ப்ரீசரைத் திறந்தாலும் முதலில் கையில் தட்டுப்படுவது துருவி உறையவைத்த தேங்காய்ப்பூப் பக்கெற். தட்டையாக, வெள்ளையாக, கல்லுப்போல இருக்கும். எடுத்த கையோடு மேசை விளிம்பில் நாலு தரம் ஓங்கி அடித்து உதிர்ப்பது எங்கள் பெண்களின் கைப்பழக்கம். பேஸ்மென்ற்றில் குடியிருப்பவர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே மேல்வீட்டில் இன்றைக்குப் புட்டு என்று சொல்லிவிடுவார்கள். என் மெழுகுப் பக்கெற்றுகளும் அதே அளவு, அதே வெள்ளை. அவற்றைக் கடை ப்ரீசரில் தேங்காய்ப்பூவுக்குப் பக்கத்தில் வைத்தவன் நான். மேலே ஒரு சொல் எழுதி ஒட்டவேண்டும் என்று தோன்றாதவனும் நான்தான்.

மார்க்கத்தில் ஒரு கூட்டத்தின் நடுவில் இருந்தபோது மனைவி அழைத்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட மெழுகு சம்பல் சட்டிக்குள்ள கிடக்கு."

கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். "ஆரும் சாப்பிட்டவையோ?"

"இல்லை, இல்லை. அன்ரி தேங்காய்ப்பூ எண்டு நினைச்சு மேசையில அடிச்சிருக்கிறா. எத்தினை தரம் அடிச்சும் உதிரேல்லை. என்ன சாமான் இது எண்டு வெட்டிச் சட்டியில கொட்டிப் பாத்தவா. அப்பதான் பிடிபட்டது."

"அப்ப நீர் போட்டுக்கொண்டு நிக்கிறது?"

"தேங்காய்ப்பூ. அன்ரிதான் விடிய நிறைச்சுத் தந்தவா. நாலு பக்கெற்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஒண்டு சொல்லட்டோ? இண்டைக்கு அப்பத்துக்குக் கரை வந்திருக்கு."

கூட்டத்தில் இருந்தவர்களிடம் என்ன சொல்லிவிட்டு வந்தேனோ நினைவில்லை. அரை மணித்தியாலத்தில் கடையில் நின்றேன். அவள் குனிந்து மாவைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். மேலங்கியும் அவளோடு சேர்ந்து குனிந்தது. தொட்டுப் பார்த்தேன். பைகளுக்குள் தேங்காய்ப்பூ பொலபொலவென்று உதிர்ந்து, இடுப்பு வளைந்த இடத்தில் வளைந்தும் முதுகு நிமிர்ந்த இடத்தில் நிமிர்ந்தும் படிந்திருந்தது. குளிர் ஏறக்குறையப் போய்விட்டது. ஆனால் எனக்கு வேண்டியது கண்முன்னால் இருந்தது.

"அன்ரி, இதை எப்பிடி அடிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தேங்காய்ப்பூ அடிக்கிற மாதிரித்தான் தம்பி. வேற எப்பிடி அடிக்கிறது? ப்ரீசரில இருந்து வெள்ளையா எதை எடுத்தாலும் என்ர கை தன்ர பாட்டில அடிக்கும்." மேலங்கிக்குள் வைக்கும் மெழுகென்று நினைத்தபோதும் கை அடித்திருக்கிறது. அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. செய்யவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

மெழுகைப் பலகையாக உறைய வைப்பதை அன்றோடு விட்டேன். கடலை அளவு மணிகளாக அடைத்தேன், துணியைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்துத் தைத்தேன். ஒவ்வொரு பக்கெற்றிலும் கொட்டை எழுத்தில் 'தேங்காய்ப்பூ இல்லை' என்று தமிழில் எழுதினேன். இது என்ன எழுத்து என்று கேட்ட சக வேலையாளிடம், முக்கியமான பாதுகாப்பு அறிவித்தல் என்றேன். மனைவி மேல் பட்ட நாலு பக்கெற் தேங்காய்ப்பூவும் எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்தக் கிழமை முழுக்கச் சம்பல் சாப்பிட்டேன், வாயே திறக்கவில்லை.

தேர் நாளன்று லீவு போட்டுவிட்டுக் கடையின் பின்கதவடியில் போய் நின்றேன். உள்ளே இடமில்லை, வரவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கதவு திறந்தே இருந்ததால் எட்டு அடுப்பும் தெரிந்தது. அவசரமென்றால் அம்புலன்ஸைக் கூப்பிடக் கையில் கைபேசியைப் பிடித்தபடியே நின்றேன். சொன்னபடி இடைக்கிடை வெளியே வந்து தண்ணீர் குடித்தாள், இரண்டு தரம் பக்கெற் மாற்றினாள், என்னைக் காணாததுபோல உள்ளே போனாள். எனக்குப் பயமாக இருந்தது. வேண்டாத வேலை பார்த்துவிட்டேனோ என்று நூறு தரம் நினைத்தேன்.

பத்து மணி தாண்டியிருக்கும். ஏழாவது சட்டிக்கு முன்னால் சட்டென்று நின்றாள். அகப்பையை வைத்துவிட்டு ஒரு கையைச் சுவரில் ஊன்றினாள். முதலாளியும் பார்த்துவிட்டார்; கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார். நான் கதவுக்குள் ஒரு கால் வைத்துவிட்டேன். அவள் மற்றக் கையால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். ஆவி படிந்திருந்தது. மேலங்கியின் ஓரத்தால் துடைத்து மாட்டிக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் ஒரு முறை முறைத்துவிட்டு, ஏழாவது சட்டியில் மாவை ஊற்றினாள்.

மத்தியானம் கடைசிப் பெட்டியும் கோயிலுக்குப் போகும் வாகனத்தில் ஏறியது. முதலாளி என்னிடம் வந்து, "அண்ணை, உப்பிடி இன்னும் மூண்டு வேணும். அன்ரிக்கு, கொத்துரொட்டி அடிக்கிறவருக்கு, எனக்கு," என்றார். பிறகு உள்ளே திரும்பி, "அக்கா, நாளைக்கு வழமை மாதிரி," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வெளியே வந்தாள். ஏதோ நல்லதாகச் சொல்லவேண்டும் என்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் அவள் என்னை உற்றுப் பார்த்தாள். விடியத் தொடக்கம் வெயிலில் நின்றிருக்கிறேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"உங்களுக்குத் தலை சுத்துதோ?"

"இல்லை," என்றேன். சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு பால்பெட்டியைக் கவிழ்த்து என்னை இருத்தினாள். மேலங்கியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். அவளுடைய அளவுக்குத் தைத்தது, என் வயிற்றைச் சுற்றிப் பூட்ட எட்டவில்லை. எத்தனையோ பேருக்குச் செய்துகொடுத்தவன், வெக்கையில் நின்று நானே ஒன்றைப் போட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான். முதுகில் குளிர் இறங்கியபோது கண் கலங்கிவிட்டது.

"இப்ப சொல்லுங்கோ, ஆரைக் கவுண்டருக்கு அனுப்பிறது?" என்று கேட்டுக்கொண்டே தண்ணீர்ப் போத்தலைக் கையில் தந்தாள். நான் குடித்தேன். முழுவதையும் குடித்து முடிக்கும்வரை என் தோளில் இருந்த கையை எடுக்காமல் நின்றாள். பிறகு மிச்ச மாவை முடிக்கவேண்டும் என்று உள்ளே போனாள்.