அஞ்சலையின் வெள்ளைக் குழந்தை

1. முதல் வாரம்

அறுபதுகளில் கிள்ளைப் பக்கம் ஒரு கடலோர ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராக எனக்கு முதல் போஸ்டிங். சேர்ந்த வாரமே அந்தப் பிரசவம். சிக்கல் எதுவுமில்லை. ஆனால் குழந்தையைத் துடைத்த ஆயா அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தோல், தலைமுடி, புருவம், இமைமுடி எல்லாம் வெள்ளை. அல்பினிசம், பிறவியிலேயே நிறமில்லாத நிலை.

தாய் பெயர் அஞ்சலை. கறுத்த, திடமான பெண். புருஷன் கலியமூர்த்தி அவளுக்கு அத்தை மகன். அதாவது மாமியார் பொன்னம்மா, அவள் அப்பாவின் உடன்பிறந்த அக்கா.

பொன்னம்மா உள்ளே வந்து துணியை விலக்கிப் பார்த்தார்.

"கடலூர் ஹார்பருக்கு மீன் விக்கப் போனியே, எந்தக் கப்பக்காரன்டி?"

"அத்த, நான் ஒண்ணும் பண்ணல அத்த" என்றாள் அஞ்சலை. கலியமூர்த்தி வாசலிலேயே நின்றான். உள்ளே வரவில்லை.

2. நான் சொன்ன விளக்கம்

நான் படித்தபோது டி.என்.ஏ. பற்றிப் பாடத்தில் சில வரிகள்தான். சிதம்பரத்தில் ஜூவாலஜி சொல்லிக்கொடுத்த என் தோழிதான் புதுப் பத்திரிகைகளைத் தருவாள். டி.என்.ஏ.வில் உள்ள குறிப்பின் எழுத்துகளை விஞ்ஞானிகள் அப்போதுதான் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். நான்கே எழுத்து. அதன் நகல் ஆர்.என்.ஏ.வாக வெளியே வரும். செல்லுக்குள் இருக்கும் ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்யும். தோலுக்கும் முடிக்கும் நிறம் தருவது மெலனின். அதைத் தயாரிக்கும் என்சைமும் ஒரு புரதம்தான். குறிப்பில் பிழை இருந்தால் என்சைம் வேலை செய்யாது, நிறம் வராது.

மறுநாள் மூவரையும் உட்காரவைத்தேன்.

"ஒடம்புல ஒவ்வொண்ணையும் எப்படிச் செய்யணும்னு உள்ளயே எழுதியிருக்கு. அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு. ஒண்ணு நல்லா இருந்தாலே நெறம் வந்துடும். உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. கொழந்தைக்கு ரெண்டு பழுதும் சேந்து வந்துடுச்சு. கலியமூர்த்தி, இது உன் கொழந்தைதான்."

"பழுது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார் பொன்னம்மா.

"ஒரே குடும்பத்துல கட்டியிருக்கீங்க. அநேகமா உங்க பொறந்த வீட்டு வழியா வந்திருக்கணும். உங்க மூலமா இவனுக்கு, உங்க தம்பி மூலமா அஞ்சலைக்கு."

சரியான கேள்வி, சரியான பதில் என்று எனக்கு மகிழ்ச்சி. பொன்னம்மா எழுந்துவிட்டார்.

"என் சின்னப் பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம். எங்க ரத்தத்துல கொறைன்னு தெரிஞ்சா எவன் தாலி கட்டுவான்? நீங்க சொல்றது எனக்கு ஒண்ணும் புரியலம்மா."

நான் மறுபடியும் முதலிலிருந்து விளக்கினேன். கலியமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அம்மா சொல்றதுதான்."

அஞ்சலை குழந்தையோடு கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், இருந்த அப்பா வீட்டுக்குப் போனாள். சின்னப் பெண்ணின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

3. அடுத்த குழந்தை

கலியமூர்த்திக்கு அவன் அக்கா மகளையே இரண்டாம் தாரமாகக் கட்டிவைத்தார்கள். அவளுக்கும் நான்தான் பிரசவம் பார்த்தேன். அதே வெள்ளை முடி.

நான் பொன்னம்மாவைப் பார்த்தேன். இந்தத் தாய் அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி. குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சாமி குடுத்தது. வெயில் படாம பாத்துக்கணும்" என்றார்.

"அப்ப அஞ்சலை?"

"அது முடிஞ்சுபோன கதம்மா."

அடுத்த முறை கடலூர் போனபோது மீன் மார்க்கெட்டில் அஞ்சலையைத் தேடிப்பிடித்தேன். கூடைக்குப் பின்னால் அவள் மகள், தலையில் துணி போட்டு, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சேதி சொன்னேன். இனி உன்மேல் யாரும் பழி சொல்ல முடியாது, இப்போதாவது அவர்களுக்குப் புரிந்திருக்கும் என்றேன்.

அஞ்சலை மீன் நறுக்கும் கத்தியை நிறுத்தவில்லை.

"அவுங்களுக்கு அன்னைக்கே புரிஞ்சுதும்மா. அதான் என்னை அனுப்பிட்டாங்க. உங்களுக்குத்தான் புரியல."

அதன்பிறகு பணியில் இருந்த காலம் முழுக்க, யாராவது "புரியல டாக்டர்" என்றால் நான் உடனே விளக்கத்தைத் திரும்ப ஆரம்பித்ததில்லை. புரிந்ததாக ஒப்புக்கொண்டால் அவருக்கு என்ன போகும் என்று முதலில் பார்ப்பேன். இளம் டாக்டர்களே, நீங்களும் பாருங்கள். அதைப் பார்க்க எனக்கு எந்தக் காலேஜும் சொல்லித்தரவில்லை.